குறிப்பில்லாதவர்களுக்கு ஒரு முகவரி

மருதனார்மடச் சந்தியில், சந்தைக்குப் பக்கத்தில் இருந்த ஓர் உரக் கடையின் மேல் மாடிதான் எங்கள் முதல் அலுவலகம். நாலு பேர், நாலு மடிக்கணினி, ஒரு மின்விசிறி. யூரியா வாசம் படியேறி வந்து எங்களோடு உட்கார்ந்துகொள்ளும். இப்போது நல்லூர்ப் பக்கம் குளிரூட்டிய கட்டடத்துக்கு வந்துவிட்டோம். கதிரைகள் சுழல்கின்றன, கோப்பி போடுவதற்கு ஓர் இயந்திரம்கூட இருக்கிறது. ஆனாலும் வேலை என்று நினைத்தால் எனக்கு அந்த மாடிதான் நினைவுக்கு வருகிறது. சனிக்கிழமைகளில் ஆஞ்சநேயர் கோவிலுக்கு வருபவர்களின் மோட்டார்சைக்கிள்கள் எங்கள் படி வாசலை அடைத்து நிற்கும். நான் ஒவ்வொரு சனியும் யாரோடாவது வாய்காட்டிவிட்டுத்தான் மேலே ஏறுவேன். அந்தச் சண்டைகளையும் சேர்த்தே இப்போது தேடுகிறது மனம்.

அந்த மாடிக்கு ஒருநாள் ரீச்சர் வந்தார். கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றபின் வீட்டிலேயே திருமண சேவை நடத்தியவர். வலிகாமத்தில் பாதிப்பேரின் கலியாணப் படங்களில் எங்காவது ஒரு மூலையில் அவர் நிற்பார். கையில் குடை, தோளில் பை, பைக்குள் ஒரு கட்டுக் கோப்பு. கதிரையில் உட்காரமுன்னமே அலுவலைச் சொல்லிவிட்டார்.

"பிள்ளை, என்ரை அலுமாரியை அப்பிடியே கொம்பியூட்டருக்குள்ளை ஏத்தித் தரவேணும். ரொரன்ரோவிலை இருக்கிற தாய்க்கு நான் போனிலை வாயாலை சொல்லுவன். அவ அதை அடிச்சால் பொம்பிளைப்பிள்ளையின்ரை பக்கம் வரவேணும்."

அவருடைய அலுமாரி நட்சத்திர வாரியாக அடுக்கப்பட்டது. ஒவ்வொரு நட்சத்திரத்துக்குள்ளும் பாவ வாரியாக அடுக்கியிருந்தார். எங்கள் பக்கத்தில் கலியாணப் பேச்சு பெயரில் தொடங்குவதில்லை, பாவம் எத்தனை என்பதில்தான் தொடங்கும். சாதகத்தில் செவ்வாயும் மற்றக் கிரகங்களும் எந்தெந்த வீட்டில் நிற்கின்றன என்று பார்த்துச் சாத்திரியார் ஓர் எண் போடுவார். அதைத்தான் பாவம் என்போம். மாப்பிள்ளையின் எண்ணும் பெண்ணின் எண்ணும் கிட்டத்தட்ட ஒத்துவர வேண்டும். பூச்சியம் என்றால் சுத்த சாதகம். சுத்த சாதகத்துக்குச் சுத்த சாதகம்தான் வேண்டும் என்று நிற்பார்கள். அழகு, படிப்பு, குணம் எல்லாம் அந்த எண்ணைத் தாண்டித்தான் உள்ளே வரலாம்.

நான் வேலையைத் தொடங்கினேன். இணையத்தளம் ஒன்றை எழுதும்போது, எந்த முகவரிக்கு எந்தப் பக்கம் என்று சொல்லும் விதிகளை முதலில் எழுத வேண்டும். ஒருவர் முகவரியை அடித்ததும் நிரல் அந்த விதிகளை மேலிருந்து கீழே ஒவ்வொன்றாய்ப் பார்த்துக்கொண்டு வரும். முதலில் பொருந்துகிற விதியோடு நின்றுவிடும், அதற்குக் கீழே இருப்பதைத் திரும்பியும் பார்க்காது. விதிக்குள் வெற்றுக் கட்டங்கள் விடலாம். 'மணமகள்' என்ற சொல், அதன்பின் நட்சத்திரத்துக்கு ஒரு கட்டம், பாவத்துக்கு ஒரு கட்டம், கடைசியில் கோப்பு இலக்கம். ஒரே விதி, அதற்குள் ரீச்சரின் முழு அலுமாரியும் அடங்கும். இந்தச் சுருக்கம்தான் எனக்கு அந்த வேலையில் பிடித்தது. நூறு பக்கத்துக்கு நூறு விதி எழுதுகிறவனைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

ஆனால் நெகிழ்வாய் எழுதப் போனால் விதி சில நேரம் தலைக்குமேல் ஏறிவிடும். முதல் முயற்சியில், 'மணமகள்' என்ற சொல்லுக்குப் பின் எது வந்தாலும் அதை நட்சத்திரமாய் எடுத்துக்கொள் என்று எழுதி, அந்த விதியை எல்லாவற்றுக்கும் மேலே வைத்துவிட்டேன். புதிதாய்ப் பதிவதற்கான பக்கத்தைத் திறந்தால், "பதிவு நட்சத்திரத்தில் பிறந்த மணமகள் எவரும் இல்லை" என்று திரை சொன்னது. பக்கத்து மேசைக்காரன் அன்று முழுக்க என்னை 'பதிவு நட்சத்திரம்' என்று கூப்பிட்டான். குறிப்பான விதி மேலே, பொதுவான விதி கீழே என்று மாற்றினேன். தமிழில் எழுதிய முகவரி வைபர் செய்தியில் போனதும் சதவீதக் குறிகளும் எழுத்துகளுமாய் இரண்டு முழ நீளத்துக்கு நீண்டது. ரீச்சர் அதைப் பார்த்து, "இதை நான் வாயாலை சொல்லி முடிக்க அங்கை பிள்ளைக்கு வயசு போயிடும்" என்றார். அதனால் அச்சுவினி ஒன்று, ரேவதி இருபத்தேழு என்று நட்சத்திரங்களுக்கு எண் கொடுத்தேன். கட்டங்களுக்குள் எண் மட்டுமே வரலாம் என்று இறுக்கினேன். ரீச்சருக்கு அது பிடித்துப்போனது.

ரீச்சர் இன்னொரு கட்டமும் கேட்டார். அது எந்தக் கட்டம் என்று எங்கள் ஊரில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. "அதை முகவரியிலை போட மாட்டன் ரீச்சர்" என்றேன். சரி, கோப்பிலேயே இருக்கட்டும் என்று அவர் விட்டுவிட்டார்.

அந்த அலுமாரியின் அடித்தட்டில் நாடாவால் கட்டிய ஒரு தனிக் கட்டு இருந்தது. மேலே 'குறிப்பில்லாதவை' என்று ரீச்சரின் நல்ல கையெழுத்தில் எழுதியிருந்தது. சாதகக் குறிப்பைத் தொலைத்தவர்களின் கோப்புகள். அதற்குள் என் அக்காவின் கோப்பும் இருந்தது.

அக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். பிரதேச செயலகம் ஒன்றில் வேலை. போரில் வலிகாமமே வெறுமையாகி எல்லோரும் தென்மராட்சிக்கு நடந்தபோது, காணி உறுதிகளும் குறிப்புகளும் இருந்த எங்கள் றங்குப்பெட்டி வீட்டோடு போய்விட்டது. என் குறிப்பு மட்டும் தப்பியது. நான் சாப்பிடாமல் அழுகிறேன் என்று சனி பார்ப்பதற்காக அதை அம்மா சாத்திரியாரிடம் கொடுத்திருந்தார். சாத்திரியார் தன் வேட்டியைக்கூட எடுக்காமல் மற்றவர்களின் குறிப்புகளை ஒரு பைக்குள் அடைத்துக்கொண்டு நடந்த மனிசன். ஆக, சோறு தின்னாத எனக்குப் பாவம் பதினாறு என்று கடதாசியில் இருந்தது. ஒழுங்காய்ச் சாப்பிட்டு வளர்ந்த அக்காவுக்கு ஒன்றும் இல்லை.

அவள் பிறந்த திகதி தெரியும். அதிலிருந்து பூராடம் என்று நட்சத்திரத்தைக் கண்டுபிடிக்கலாம். ஆனால் பிறந்த நேரம் இல்லாமல் பாவம் கணிக்க முடியாது. அம்மாவைக் கேட்டால், "விடியப்புறம்தான், சேவல் கூவினது காதிலை நிக்குது" என்பார். பிறகு அவரே, "உந்தச் சேவல் மத்தியானமும் கூவுறதுதானே" என்று முடிப்பார். அப்பா இருந்திருந்தால் கேட்டிருக்கலாம், அவரும் அப்போது உயிரோடு இல்லை. வந்த பேச்சு எல்லாம் முதல் தொலைபேசியிலேயே முறிந்தது. ஒரு தரகர், நல்ல நேரமாய் ஒன்றைப் போட்டுப் புதுக் குறிப்பு எழுதுவிப்போம் என்றார். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை.

"பொய்க் குறிப்பு எழுதிக் கட்டினால் பிறகு அந்தாளுக்குத் தடிமன் காய்ச்சல் வந்தாலும் நான் பயந்துகொண்டு இருக்கவேணும். எனக்கு ஏலாது."

அப்படிச் சொன்னபோது அவளுக்கு இருபத்தெட்டு வயது. ரீச்சரின் அலுமாரியை நான் ஏற்றிக்கொண்டிருந்தபோது முப்பத்தாறு. அக்கா கட்டாமல் எனக்குப் பார்ப்பதில்லை என்று அம்மா வைராக்கியமாய் இருந்தார். நான் அதைச் சொல்லி அக்காவைச் சீண்டுவேன். ஒரே அறையில்தான் படுப்போம். "எனக்காகவாவது போய்த் துலையடி" என்று நான் தலையணையை எறிவேன், அவள் அதைத் திருப்பித் தராமல் இரண்டையும் வைத்துக்கொண்டு படுப்பாள். உள்ளுக்குள் எனக்கு வேதனைதான். பிள்ளைகள் என்றால் அவளுக்கு உயிர். பக்கத்து வீட்டுக் குழந்தையைத் தூக்கினால் இறக்க மாட்டாள்.

தளம் தயாரானதும் நான் முதலில் அடித்துப் பார்த்த முகவரி அக்காவினுடையது. பாவத்துக்கு எண் இல்லாததால் அந்தக் கட்டத்தைச் சும்மா விட்டு அடித்தேன். எந்த விதியிலும் பொருந்தாமல் அடிக்குப் போய், "நீங்கள் தேடிய பக்கம் இல்லை" என்று வந்தது. அந்த வசனத்தை எழுதியதும் நான்தான். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாய் வந்தன. எட்டு வருடமாய் ஊர் அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்ததை இப்போது நானும் சொல்லியிருக்கிறேன்.

உடனே கோப்பு இலக்கத்தை முன்னே நகர்த்தி, பாவத்தைக் கடைசிக் கட்டமாக்கி, அதை விருப்பக் கட்டமாய் மாற்றினேன். இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. அப்படி ஒரு கட்டத்தைத் தளர்த்தினால், அது வெறுமையாய் வரும்போது எதை எடுத்துக்கொள்வது என்று சொல்ல வேண்டும். எண் மட்டுமே வரலாம் என்று இறுக்கிய கட்டம் அது. கை பழக்கத்தில் பூச்சியம் என்று அடித்தது. திரும்ப அக்காவின் முகவரியைப் போட்டேன். நீலச் சேலையில் அவள் படம் வந்தது. படத்தைப் பார்த்த சந்தோசத்தில் கீழே இருந்ததை நான் வாசிக்கவில்லை. அந்த நாடாக் கட்டிலிருந்து நான் ஏற்றியதும் அவள் கோப்பை மட்டும்தான். மற்றவர்களைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன். தன்னலம்தான், வேறென்ன.

பத்து நாளில் ரீச்சர் தொலைபேசி எடுத்தார். மாப்பிள்ளை கனடாவில், தாய் நெல்லியடியில். ஆறு வருடமாய்ப் பெண் பார்க்கிறார்களாம். "அவைக்கு எல்லாம் சரியாம், பிள்ளையின்ரை பக்கத்தைப் பாத்திட்டு அவையே எடுத்தவை" என்றார். குறிப்பைப் பொருட்படுத்தாத குடும்பம் ஒன்று கடைசியில் கிடைத்துவிட்டது என்று அம்மா கோவிலுக்கு ஓடினார். நானும் அப்படித்தான் நம்பினேன்.

தொடர்ந்து வந்த மூன்று கிழமைகள்தான் எங்கள் வீட்டில் நான் கண்ட நல்ல காலம். மாப்பிள்ளை வைபரில் எடுப்பார். அக்கா முதலில் 'ஓம்', 'இல்லை' என்று மட்டும் சொன்னாள். பிறகு பேருந்து நடத்துநரோடு பட்ட பாட்டைச் சொன்னாள். பிறகு நான் தலையணையால் காதைப் பொத்த வேண்டிய அளவுக்குச் சிரித்தாள். அவர் அங்கே தனியாய்ச் சமைக்கிற புட்டு கல்லாய்ப் போகிறதென்று, மா அவிப்பது எப்படி என்று இவள் இங்கிருந்து படிப்பித்தாள். அலுவலகத்துக்குப் போகும்போது கனகாம்பரம் வைக்கத் தொடங்கினாள். நான் கேலி செய்தால் கோபிக்கவும் இல்லை. அதுதான் எனக்குப் பயமாய் இருந்தது, அவ்வளவு தூரம் அவள் போய்விட்டாள்.

மூன்றாம் கிழமை முடிய நெல்லியடித் தாய் எங்கள் வீட்டுக்கு வந்தார். மெலிந்த, அமைதியான மனுசி. தேத்தண்ணி குடித்து முடித்துவிட்டு அம்மாவிடம் கேட்டார்.

"பிள்ளையின்ரை குறிப்பை ஒருக்கால் தாங்கோ. எங்கடை சாத்திரியாரும் பாக்க ஆசைப்படுறார். என்ரை மகனுக்குப் பூச்சியம், அதுதான் இவ்வளவு நாள் பொருந்தேல்லை. உங்கடை பிள்ளைக்கும் பூச்சியம் எண்டு கண்ட உடனைதான் எனக்கு உயிர் வந்தது."

அம்மா என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். என் விரல் அடித்த அந்தப் பூச்சியம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. "எடுத்து வைச்சிட்டு அனுப்பிவிடுறம்" என்று அம்மா எப்படியோ சமாளித்தார்.

அன்று பின்னேரமே நான் ரீச்சரிடம் போனேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் கண்டனான் பிள்ளை. கொம்பியூட்டர் கணிச்சிருக்குமாக்கும் எண்டு நினைச்சன்." பிறகு குரலைத் தாழ்த்தி, "நடந்தது நடந்துபோச்சு. பூச்சியம் வரத்தக்கதாய் ஒரு நேரத்தைப் போட்டுக் குறிப்பை எழுதுவிப்பம். நல்ல இடம்" என்றார். கணிதம் படிப்பித்தவர், விடையிலிருந்து கணக்கைச் செய்யச் சொன்னார்.

நான் செய்தேன். அதை ஒளிக்கப் போவதில்லை. அக்கா பிறந்த நாளை எடுத்து, நேரத்தைக் கால் மணி கால் மணியாய் நகர்த்தி ஒரு சின்ன நிரல் எழுதிப் பார்த்தேன். விடியப்புறம் நாலு மணிக்கும் ஐந்தே முக்காலுக்கும் இடையில் பிறந்திருந்தால் பாவம் பூச்சியம்தான். அம்மா சொன்ன சேவல் நேரம். அது உண்மையாகவே இருக்கலாம். அச்சடித்து எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

அக்கா சேலை மடித்துக்கொண்டிருந்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன், என் பிழை உட்பட. அவள் கடதாசியை வாங்கிப் பார்த்தாள்.

"இது உண்மையோ?"

"இருக்கலாம்."

"இருக்கலாம் எண்டால், இருக்கலாம் எண்டுதான் சொல்லவேணும். எழுதிக் குடுக்கேலாது."

"அக்கா, உனக்கு அவரைப் பிடிச்சிருக்குதானே."

"பிடிச்சபடியால்தான்" என்றாள். பிறகு முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள். ஏன் இப்படி ஒரு பூச்சியத்தைப் போட்டாய் என்று ஒரு வார்த்தை என்னைக் கேட்கவில்லை. ஏசியிருந்தால் எனக்கு எவ்வளவோ லேசாய் இருந்திருக்கும்.

அடுத்த நாள் காலை அலுவலகத்துக்குப் போனதும் முதல் வேலையாய் அந்தப் பூச்சியத்தை அழித்தேன். விருப்பக் கட்டத்தையும் எடுத்தேன். பாவத்துக்கான விதிக்கு மேலே, குறிப்பில்லாதவர்களுக்கென்று தனியாய் ஒரு விதி எழுதினேன். அந்த முகவரியில் வருகிறவரின் பக்கத்தில் 'பிறந்த நேரம் தெரியாது' என்று மட்டும் நேரே எழுதியிருக்கும். பிறகு அந்த நாடாக் கட்டை முழுவதும் அவிழ்த்து ஒவ்வொருவராய் ஏற்றினேன். பெரும்பாலும் அக்காவின் வயதுக்காரர்கள். எல்லா வீட்டிலும் ஏதோ ஒரு பெட்டி திரும்பி வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அக்காவை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு நெல்லியடிக்குப் போனேன். அம்மாவுக்குச் சொல்லவில்லை. வல்லைவெளியில் காற்று எங்களைத் தள்ளியது. அக்கா என் தோளைப் பிடித்தபடி வந்தாள். திரும்பிவிடலாமா என்று இரண்டு தரம் கேட்டேன். இரண்டு தரமும், போ என்பதுபோல் தோளை அழுத்தினாள்.

அந்தத் தாய் எங்களைக் கண்டதும் திகைத்துவிட்டு, கதிரை இழுத்துப் போட்டார். அக்கா உட்கார்ந்த உடனேயே சொல்லத் தொடங்கினாள்.

"அம்மா, எனக்குக் குறிப்பு இல்லை. இடம்பெயர்ந்த நேரம் துலைஞ்சு போச்சு. பூச்சியம் எண்டு கிடந்தது தங்கச்சி விட்ட ஒரு பிழை, அவள் வேணுமெண்டு செய்யேல்லை. உங்கடை மகன் நல்லவர். அவருக்கும் நான் சொல்லிப்போட்டன், முடிவு அம்மாவின்ரை கையிலை எண்டு சொன்னவர். நேரிலை சொல்லவேணும் எண்டுதான் வந்தனாங்கள்."

சொல்லிவிட்டு எழும்பப் போனாள். அந்தத் தாய் கையைக் காட்டி இருத்தினார். சமையலறைக்குப் போய் வந்தார், வெறுங்கையோடுதான் வந்தார். சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தார். 'யோசித்துச் சொல்கிறோம்' என்று அவர் சொல்லப்போவதை நான் மனதுக்குள் ஏற்கெனவே கேட்டுவிட்டேன். எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

"எங்கடை வீடும் எரிஞ்சதுதான், பிள்ளை" என்றார். "அவன் சின்னப் பெடியன். எல்லாம் போச்சு. பிறகு கலியாணப் பேச்சு வர, ஒரு நேரத்தைச் சொல்லிப் புதுசாய் எழுதுவிச்சனான். நல்லாய் இருக்கட்டும் எண்டு பூச்சியமாய் எழுதச் சொன்னதும் நான்தான். பூச்சியத்துக்குப் பூச்சியம்தான் வேணும் எண்டு பிறகுதான் சொன்னாங்கள். அவனுக்கும் தெரியாது. ஒருத்தருக்கும் தெரியாது. ஆறு வருசமாய் என்ரை பொய்க்குப் பொருத்தம் பாத்துக்கொண்டு திரிஞ்சிருக்கிறன்."

அவர் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின. அக்கா கதிரையிலிருந்து இறங்கி அவர் காலடியில் நிலத்தில் உட்கார்ந்தாள். அவருடைய இரண்டு கைகளையும் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"அழாதேங்கோ மாமி" என்றாள்.

அதுவரை அவரை அவள் அம்மா என்றுதான் அழைத்துக்கொண்டிருந்தாள்.